வலிக்காத வரி

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் அன்று காலையிலேயே கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. நெடுங்கரை நாட்டின் கருவூல மந்திரி பூதலிங்கம் பல்லக்கைப் பாதி வழியில் நிறுத்தினார். செருப்பை அதிலேயே விட்டுவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஆற்றங்கரை மடத்துக்கு நடந்து வந்தார். குருவைப் பார்க்க வெறுங்காலோடு வருவதுதான் அந்த மடத்து வழக்கம்.

அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதைச் சொல்லி அரண்மனையில் அவரைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. மூத்த குரு கண்ணை மூடும்போது மடத்தை உலகம்மையிடம் ஒப்படைத்தார், சீடர்களையும் சேர்த்துத்தான் ஒப்படைத்தார் என்று பூதலிங்கம் பதில் சொல்வார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

உலகம்மை முற்றத்தில் கிடந்த விறகை மழைக்கு முன்னால் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கை குடுங்க," என்றார்.

மந்திரி நாலு கட்டை தூக்கினார். மூச்சு வாங்கியது.

"அம்மா, ஒரு கேள்வி."

"விறகு நனையாம கேளுங்க."

"ஜனங்களுக்கு வலிக்காம வரி வாங்க என்ன வழி?"

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப யாருக்கு வலிக்குது?"

"எனக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் பூதலிங்கம் விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். ஆற்றின் வடகரை சரிந்திருக்கிறது. மழை பிடிப்பதற்குள் கல்லும் மண்ணும் போட்டு அடைக்காவிட்டால் துறைத்தெரு முழுவதும் ஆற்றோடு போய்விடும். கருவூலத்தில் ஒன்றும் இல்லை. நாளைக் காலையில் துறைத்தெருவில் ஊரைக் கூட்டி என்ன வரி என்று சொல்லியாக வேண்டும். ராஜா சொன்னது இவ்வளவுதான்: "வழி உம்ம பாடு. என் பேர் கெடக் கூடாது."

"என்ன வழி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு இருக்கு. வீட்டுக்கு வீடு வசதியைப் பார்த்து நேரா வரி போடலாம். இல்லைன்னா உப்பு மேல இன்னும் கொஞ்சம் ஏத்தலாம். உப்புல ஏத்தினா ஒருத்தருக்கும் தெரியாதும்மா. உப்பு விக்கிற கிட்டங்கிக்காரன் விலையைக் கூட்டிட்டான்னு நினைச்சுக்கிடுவாங்க. மூணு வருஷமா அப்படித்தான் நடக்கு."

"நேரா போட்டா?"

"எனக்கு முன்னால இருந்தவர் போட்டார். சாணியைக் கரைச்சுத் தலையில ஊத்தினாங்க. அன்னைக்குத் தோணி ஏறினவர்தான், எங்க இருக்கார்னு இன்னும் தெரியாது." தன் தலையிலேயே ஊற்றினதுபோல் துண்டால் துடைத்துக்கொண்டார். "இந்த வயசுல எனக்குத் தோணி ஏற முடியாதும்மா."

"எது சரின்னு கேக்கீங்களா, எதுல தப்பிக்கலாம்னு கேக்கீங்களா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லாருக்குமேன்னு கேக்கேன்."

உலகம்மை சிரித்துவிட்டார். கடைசிக் கட்டையை உள்ளே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"துறைத்தெருவில அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னைக்கு வரி பிரிக்காங்க. போய்ப் பார்த்துட்டு வருவோம்."

"வரிக்குப் பயந்து வந்தவனை வரி பிரிக்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போறீங்களே."

"தலையில துண்டைப் போட்டுக்கிடுங்க. யாருக்கும் அடையாளம் தெரியாது."

கரைமேல் இருந்த ஒற்றையடிப் பாதையில் போனார்கள். இரண்டு பக்கமும் முள் அடர்ந்த உடைமரம். பூதலிங்கம் வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சரிந்த இடம் வந்ததும் அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தார்.

அம்மன் கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. நாட்டாமை சுடலையாண்டி பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுப் பேராகக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டுக்காரர் வந்து அரிசியை நாட்டாமையின் முன்னால் இருந்த பெட்டியில் கொட்டினார். நாட்டாமை உரக்க, "வாங்கியாச்சு," என்றார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வரி வைத்தவர் அந்த இடத்திலேயே ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த பேரைக் கூப்பிட வேண்டும். வரி வைக்காதவர் வாய் திறக்கக் கூடாது.

தோணிக்காரர் மாசிலாமணி அரிசியைக் கொட்டினார்.

"வாங்கியாச்சு."

"போன கொடைக்குப் பந்தல் ஒழுகி என் தலையில ஊத்திச்சே, புதுக் கீத்துக்குக் குடுத்த காசு என்னாச்சு?"

நாட்டாமை பழைய கீற்று, புதுக் கீற்று, இடையில் வந்த காற்று என்று ஏதேதோ சொன்னார். மாசிலாமணி விடவில்லை. கடைசியில் நாட்டாமை, "சரிய்யா, பாதிக் கீத்து என் மச்சான் வீட்டுக் கொட்டகைக்குப் போச்சு, இந்தத் தடவை அவனே போட்டுத் தருவான்," என்றார். ஊர் சிரித்தது. அடுத்த பேர் வந்தது.

பூதலிங்கம் துண்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார். "இந்த நாட்டாமை பாவம்மா. அரிசி வாங்கவா உக்காந்திருக்கார்? உதை வாங்கல்ல உக்காந்திருக்கார்."

"போன கொடைக்கும் இவர்தான் நாட்டாமை. அதுக்கு முந்தியும் இவர்தான்," என்றார் உலகம்மை.

பேர்கள் தீர்ந்தன. நாட்டாமை பாயைச் சுருட்டப் போனார். அப்போது ஒருத்தி மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கருவாடு விற்கிற சந்தனமாரி. கரையை ஒட்டிய கடைசிக் குடிசை அவளுடையது.

"அண்ணாச்சி, என் பேரைக் கூப்பிடலியே."

"உனக்கு வரி இல்லை தாயி. போன வருஷம் உன் வீட்டுக்காரன் போனதும் ஊர்ல பேசி எடுத்தாச்சு. நீயே கஷ்டப்படுதே. சும்மா வந்து சாமி கும்பிட்டு, சாப்பிட்டுப் போ. யாரு வேண்டாங்கா?"

"எனக்குச் சும்மா வேண்டாம். வாங்கிக்கிடுங்க."

"நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"நல்லதா?" அவள் குரல் உடைந்தது. "போன மாசம் எங்க வீட்டுக்குப் பின்னால கரை உள்வாங்குதுன்னு சொல்ல வந்தேன். வரி இல்லாத ஆளு பேசப்படாதுன்னு உக்கார வச்சீங்க. இப்ப கரை சரிஞ்சுபோய்க் கிடக்கு. வாங்கினா கேட்டிருவேன்னுதானே வாங்க மாட்டேங்கீங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நாட்டாமை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கூட்டம் மெல்லக் கலைந்தது. சந்தனமாரி மடியை அவிழ்க்காமலே கோயில் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். வரியை வாங்கவில்லை என்று ஒருத்தி அழுததைப் பூதலிங்கம் தன் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. 

உலகம்மை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கருவாட்டுக்கு உப்பு எங்கம்மா வாங்குதே?"

"அரண்மனைக் கிட்டங்கியிலதான். வேற எங்க கிடைக்கு?"

"நிறைய வேணுமோ?"

"மூட்டை மூட்டையா வேணும். மீனுக்குப் பாதி உப்புல்லா." சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஏன் கேக்கீங்க? விலை ஏறிக்கிட்டே போகுது. எங்க வீட்டுக்காரன் இருக்கையிலே ஆரம்பிச்சுது. கடல் வத்திப் போச்சுங்கான் கிட்டங்கிக்காரன். என் நேரம், நான் தொழிலுக்கு வந்த பிறகும் கடல் வத்திக்கிட்டேதான் இருக்கு."

உலகம்மை திரும்பிப் பார்த்தார். "ஐயா, இவங்களுக்குக் கோபம் வந்தா யாரைத் திட்டணும்?"

பூதலிங்கம் துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் வீட்டு அடுப்படியில் உப்பு ஒரு சின்னச் சாடியில் இருக்கும். அது எப்போது தீர்ந்தது, எப்போது நிரம்பியது என்று அவர் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது சரிந்த இடத்தில் உலகம்மை நின்றார். பூதலிங்கமும் நிற்க வேண்டியதாயிற்று. தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. கரையிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து சத்தமில்லாமல் உள்ளே போனது. சந்தனமாரியின் குடிசைக் கூரை கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் வேகமாப் போவோம்மா," என்றார் பூதலிங்கம். பயம் அவர் குரலிலேயே தெரிந்தது.

மடத்து வாசலுக்கு வந்தபோது முதல் தூறல் விழுந்தது. பூதலிங்கம் படியேறினார். உலகம்மை பின்னால் நின்றுவிட்டார்.

"ஐயா, அப்படியே நில்லுங்க."

படியில் ரத்தம் இருந்தது. வந்த பாதையிலும் ஓரடி விட்டு ஓரடி ரத்தம் இருந்தது.

உலகம்மை அவரை உட்கார வைத்து இடது காலைத் தூக்கிப் பார்த்தார். உடைமுள் ஒன்று குதிகாலில் முழுசாக இறங்கியிருந்தது. நடந்து நடந்து அது உள்ளேயே ஒடிந்து, சதை கன்றிப் போயிருந்தது.

"போகையிலேயே குத்தியிருக்கு. வலிக்கலியா?"

"அந்தக் கால் மரத்துப் போய் வருஷக்கணக்காச்சும்மா. ஒண்ணும் தெரியாது." அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அதுவும் ஒரு வசதிதான்."

உலகம்மை ஊசியைத் தீயில் காட்டி முள்ளை எடுத்தார். எடுக்க நேரமாயிற்று. பூதலிங்கம் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவர் தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முள் வெளியே வந்தது. உலகம்மை அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"காலையில என்ன கேட்டீங்க?"

பூதலிங்கம் முள்ளையே பார்த்தார்.  உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

மழை வலுத்தது. உலகம்மை மஞ்சளை வைத்துக் காலைக் கட்டினார். கட்டி முடித்ததும் பூதலிங்கம்தான் பேசினார்.

"நேரா போட்டிரலாம். ஆனா பயமா இருக்கு."

"குடுக்க மாட்டாங்கன்னா?"

"இல்லை."

"பின்னே?"

"கேப்பாங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உப்புல மூணு வருஷம் எடுத்தது இந்தக் கரைக்குன்னு கணக்கு எழுதித்தான் எடுத்தோம். ராஜா குளத்துக்கு நடுவுல மண்டபம் கட்டிட்டார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"முத்திரை வச்சேன்."

உலகம்மை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீடு ஓலையா, ஓடா?"

"மச்சு வீடும்மா."

"அப்ப உங்க வரி?"

பூதலிங்கம் திடுக்கிட்டார். இத்தனை வயதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

எழுந்து புறப்படும்போது வாசலில் தயங்கி நின்றார். "நாளைக்கு என்னை அடிப்பாங்களா?"

"தெரியாது."

"நீங்க வருவீங்களா?"

"வாரேன்."

"தடுப்பீங்களா?"

"பக்கத்துல நிப்பேன்."

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தண்டோராச் சத்தம் கேட்டுத் துறைத்தெரு முழுவதும் கோயில் முன்னால் வந்து நின்றது. பூதலிங்கம் பல்லக்கில் வரவில்லை. கட்டுப் போட்ட காலோடு நடந்து வந்தார். சேவகர்களையும் கூட்டி வரவில்லை. அது தைரியமா, இல்லை கை கால் ஓடாமல் மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. உலகம்மை வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"வடகரையைக் கட்டணும். அதுக்கு வீட்டுக்கு வீடு நேரா வரி," என்று பூதலிங்கம் ஆரம்பித்தார்.  "மச்சு வீட்டுக்கு ஒரு மூட்டை நெல். ஓட்டு வீட்டுக்கு அதுல பாதி. ஓலை வீட்டுக்கு ஒரு படி அரிசி. அதுவும் முடியாதவங்க மண் சுமக்கலாம். உப்பு மேல போட்டிருந்த வரியை இன்னையோட எடுத்தாச்சு."

கூட்டம் சலசலத்தது.

"உப்பு மேல வரியா? எப்ப போட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூணு வருஷமா."

"அப்ப கடல் வத்தலியா?" என்றாள் சந்தனமாரி. அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

பூதலிங்கம் தன் வீட்டிலிருந்து வண்டியில் வந்த நெல்மூட்டையை இறக்கும்படி வண்டிக்காரனிடம் சொன்னார். "முதல் வரி என்னுது."

நாட்டாமை பழக்க தோஷத்தில், "வாங்கியாச்சு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமாத் தின்னுட்டு இப்ப மூட்டை இறக்குதாரு!" என்று மாசிலாமணி கத்தினார். அவருடையது ஓட்டு வீடு. "கேளுங்கய்யா அவரை!"

பின்னாலிருந்து ஒரு சேற்றுக்கட்டி வந்து பூதலிங்கத்தின் தோளில் விழுந்தது. இன்னொன்று மார்பில் விழுந்தது. கூட்டம் நெருங்கியது. அவருடைய வலது கால் தானாகப் பின்னால் நகர்ந்தது. படித்துறையில் தோணி கட்டியிருந்ததை அவர் பார்த்தார். மாசிலாமணியும் அதைப் பார்த்தார்.

"வழக்கத்தை மீறாதீங்க," என்று நாட்டாமை கையைத் தூக்கினார். "வரி வச்சவங்கதான் கேக்கலாம். வச்சுட்டுக் கேளுங்க."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். மாசிலாமணி தன் வீட்டு ஓட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். தூறல் மறுபடியும் ஆரம்பித்தது. ஆற்றுச் சத்தம் தெருவுக்குள் கேட்டது.

சந்தனமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் மடியில் கட்டிய அரிசி அப்படியே இருந்தது.

"ஏ தாயி, உனக்குத்தான் வரி இல்லைன்னு..." என்று நாட்டாமை குறுக்கே வந்தார்.

"இது உங்க வரி இல்ல அண்ணாச்சி. அவுக வரி. என்னுது ஓலை வீடு."

பூதலிங்கம் மேல்துண்டை விரித்தார். விரிக்கும்போது ஒரு முனை நழுவிவிட்டது. சந்தனமாரியே அந்த முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு மடியை அவிழ்த்துக் கொட்டினாள். ஒரு மணிகூட மடியில் ஒட்டாமல் உதறினாள். கொட்டிவிட்டு நகரவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். பூதலிங்கத்துக்கும் தெரிந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். துண்டில் இருந்த அரிசி ஒரு படிதான், ஆனால் அவருக்குத் தோள் இறங்கியது.

"வாங்கியாச்சு," என்றார்.

சேற்றோடு ஓங்கியிருந்த கைகள் கீழே இறங்கின. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

சந்தனமாரி மந்திரியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மூணு வருஷமா என்கிட்ட வாங்கினது எங்க?"

பூதலிங்கம் துண்டைப் பிடித்தபடியே மெல்லத் தலையைத் திருப்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

உலகம்மை சொன்னார்:

"என்னை எதுக்குப் பாக்கீங்க ஐயா? கேட்டது அவங்க."